முதல் பாதி

ஏழு மணிக் காட்சிக்கு உள்ளே போய் உட்காருவேன்,
தோல்பை மடியில், விசில் சட்டைப்பையில்.
எட்டரைக்கு டானிங்டன் வரை ஒரு நடை இருக்கிறது.
ஆகையால் பதினாறு வருடமாக
எந்தக் கதையும் எனக்கு இடைவேளையோடு சரி.
மிச்சத்தை
ஒன்பதே முக்கால் சோலூர்மட்டம் வண்டியில்
டிக்கெட் கிழித்தபடி கேட்டுக்கொள்வேன்.
கோத்தகிரிக் குளிரில்
தீர்ப்பெல்லாம் மப்ளருக்குள்ளிருந்துதான் வரும்.

பேய்ப்படம் ஓடிய வாரம்
ஃபேக்டரி வாட்ச்மேன் போஜனுக்குப் புகைமேல் கோபம்.
"மிஷின் புகை, கால் முளைச்ச மாதிரி ஓடுது.
நம்ம மஞ்சு அப்படியா?
வந்ததே தெரியாது. வேலியைக் காணோம், அவ்வளவுதான்.
பேய் வர்றதுக்கு முன்னாடி எதுக்கு அத்தனை வயலின்?
சிறுத்தை வந்தா நாய்கூட வாயைத் திறக்காது."
ஒரு வளைவு பொறுத்துச் சொன்னான்:
"ஆனா அந்த மாடிக் கதவு,
கடைசிவரை திறக்கவே இல்ல பாருங்க.
அதுக்குக் குடுக்கலாம் காசு."
இறங்கிய இடத்தில்
அவன் டார்ச் இரண்டு தடவை பின்னால் திரும்பியது.

காதல் படத்துக்குச் சிவபாக்கியம்:
"செருப்பில்லாம செடிக்குள்ள ஓடுறா,
அட்டை ஒண்ணு ஏறல.
கூடையப் பாத்தேன், பூரா முத்தின இலை.
எந்த மேஸ்திரி எடை போடுவான்?"
முன்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"அவன் விட்டுட்டுப் போனப்புறம்
அந்தப் பொண்ணு உக்காந்து சோறு தின்னுச்சே,
ரெண்டாந்தடவை ரசம் கேட்டு.
அதை எழுதினவன் நல்லா இருக்கட்டும்."

ஆம்புலன்ஸ் ஓட்டும் நிஜாமுதீன் எண்ணியிருக்கிறான்.
"இருபத்தேழு பேரு.
ஒரு இடுப்பு உடைஞ்சா
இத்தனை வளைவும் குலுங்காம இறக்கி
மேட்டுப்பாளையம் சேக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போவுது.
இவனுக்குச் சட்டை மடிப்புக் கலையல."
இடைவேளைக்கு முந்தின அடிக்கு
அரங்கில் முதல் விசில் அவனுடையது.
நான் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தேன்.
சொல்லவில்லை.

சிரிப்புப் படம் என்றால் வண்டியே ஆடும்.
கல்லூரிப் பையன்கள் வசனத்தைத் திருப்பிச் சொல்ல,
டிரைவருக்குக் கியர் தவறும்.
கேரட் கழுவப் போகிற மாதப்பன் ஒருநாள்
கடைசிச் சீட்டிலிருந்து கேட்டான்:
"கறுப்பா ஒருத்தனைக் காட்டினா
உடனே சிரிச்சிரணுமா?"
இரண்டு வளைவுக்கு இன்ஜின் சத்தம் மட்டும்.
பிறகு யாரோ
அந்தச் சாவு வீட்டுக் காட்சியை, பாடை மாறிப்போனதை, ஆரம்பிக்க
எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் மாதப்பன்தான்.

விருது வாங்கிய படத்துக்கு எட்டே டிக்கெட்.
"கேமரா ஆணியடிச்ச மாதிரி நிக்குது" என்றார் மளிகைக்கடைக்காரர்.
"ரெண்டாவது கியர்ல போனாத்தான்யா மலை தெரியும்"
என்றான் காய்கறி லாரி ஓட்டும் பெள்ளி.
"அப்ப நீயே என் டிக்கெட்டுக் காசைக் குடு."
அதற்குள் கீழ்கோத்தகிரி வந்துவிட்டது.
பெள்ளி இறங்கும்போது ஏதோ பதில் சொன்னான்.
கதவு மூடிக்கொண்டது.

இந்தத் தை மாதம் லீவு போட்டேன்.
அதே பேய்ப்படம், மறுபடி திரையிட்டிருந்தார்கள்.
முதல் முறையாக
முறுக்குத் தின்று முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
வயலின் அதிகம்தான்.
புகைக்குக் கால் இருந்தது.
கதவையும் பார்த்தேன்.
சாதாரணப் பலகைக் கதவு,
ஒரு மூலையில் பெயின்ட் உரிந்து.
போஜன் சொன்ன கதவு
இதைவிடக் கனமாக இருந்தது.

வெளியே மஞ்சு, என் வண்டி,
என் இடத்தில் புதுப் பையன் ஒருவன்.
சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு
நகராமல் நின்றான்.
அவனுக்கும் எட்டரை நடை.
"அண்ணே, அந்த மாடிக் கதவு...
கடைசில தொறக்குறாங்களா?"

தெரிந்த பதில்தான்.
வாயெடுப்பதற்குள்
யாரோ முன்னாலிருந்து விசில் கேட்டார்கள்.
என் நிறுத்தம்.