முப்பத்தெட்டு டாலர் இருட்டு

முதலில் காரை வெளியே தள்ளினோம்.
அது எப்படியும் ஓடவில்லை.
ஈரி ஏரியின் காற்று காலி கராஜுக்குள் நுழைந்து
எண்ணெய்க் கறையை முகர்ந்துவிட்டுப் போனது.

கையிருப்பு முப்பத்தெட்டு டாலர்.
ஒன்பதுக்குக் கறுப்புக் குப்பைப்பை ஒரு சுருள்:
கத்தரித்து விரித்தால்
ஒவ்வொன்றும் இரண்டு முழம் ராத்திரி.
இருண்டதெல்லாம் பேய் என்றால்
பிளாஸ்டிக் போதும்.

ஃப்ரிட்ஜ் கடையின் பின்வாசலில் எஃப்ரேன்
அட்டைப்பெட்டிகளை மிதித்துக்கொண்டிருந்தான்.
"சவப்பெட்டி செய்ய வேண்டும்" என்றேன்.
"எத்தனை பேருக்கு?" என்றான்,
சிரிக்காமல்.
மூன்று கொடுத்தான். ஒன்றில் இன்னும்
'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி.
அழிக்க மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரி சலவையறையில் வேலை எனக்கு.
கிழிந்த விரிப்புகளைக் கணக்கில் கழித்துவிடுவார்கள்,
அதனால் பேய்களுக்குப் பஞ்சமில்லை.
ஓரத்தில் மூன்றாம் மாடி முத்திரையோடு
கம்பியில் தொங்கின, கொஞ்சம் ப்ளீச் வாசனை.

அண்ணன் டெல்பர்ட்
ஷிஃப்ட் முடிந்து வந்து திராட்சையைத் தோலுரித்தான்.
வார்ப்பட ஆலையின் தடித்த விரல்கள்,
ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்.
நாலு கண்ணைத் தின்றும் விட்டான்.

நூடுல்ஸ் குடல். கையுறையில் உறைந்த நீர், கை.
மூலையில் என் செல்போன்,
நான் மூச்சுவிட்டுப் பதிந்த பத்து நிமிஷம்.
(நடுவில் ஒரு தும்மல். அதையும் விட்டுவைத்தேன்.)

பிறகு நனைத்த மாப்பைக் கூரையில் கட்டினேன்,
இருட்டில் முகத்தில் இழையட்டும் என்று.
யார் முகத்தில்?
மண்டியிட்டு முழுப் பாதையும் நடந்து பார்த்தேன்.
ஐந்து வயசின் உயரத்தில்
ஒன்றுமே இல்லை, பயப்பட.
எல்லாம் எங்கோ மேலே நடந்துகொண்டிருந்தது.
கயிற்றை இறக்கினேன்.
இறக்கினேன்.

ராத்திரி ஏழரைக்குத் தெருமுனைவரை வரிசை.
பதினைந்து வயசுப் பையன்கள்
கையைக் கட்டிக்கொண்டு போனார்கள், கட்டிக்கொண்டே வந்தார்கள்.
"அது மாப்" என்றான் ஒருவன், வரிசைக்கே கேட்கும்படி.

எட்டேகாலுக்கு டெல்பர்ட்
குளிருக்குக் காப்பி மெஷினைச் செருகினான்.
டப்.
சிவப்பு விளக்கு போயிற்று, ஹீட்டர் போயிற்று.
உள்ளே ஒன்பது குழந்தைகளும்
விரிப்புக்குள் நானும்.

சுவரெல்லாம் நான் ஒட்டியது.
ஒவ்வொரு ஸ்டேப்பிளும் தெரியும் எனக்கு.
வழிதான் தெரியவில்லை.
யாரோ விசும்பும் சத்தம்,
மண்டியிட்டு அதை நோக்கித் தவழ்ந்தேன்,
சில்லென்று ஈரமாய் ஏதோ
முகம் முழுக்கத் தடவியது.

அன்று அந்தத் தெருவில் எழுந்ததிலேயே
நல்ல அலறல் என்னுடையது.
வரிசையில் கைகட்டி நின்றவர்கள்கூட ஓடினார்களாம்.

பக்கத்தில் அட்டை உரசியது.
தபால்பெட்டி வேஷத்தில் ஒரு வாண்டு, ஒடாலிஸ்.
"நீதானே இதைக் கட்டினே?"
"ஆமாம்."
"உனக்கே பயமா?"
"ஆமாம்."
தன் பைக்குள் துழாவி, தொட்டுப் பார்த்து,
தனக்குப் பிடிக்காத தேங்காய் மிட்டாயாகத் தேர்ந்து
என் கையில் வைத்தாள்.

வெளிச்சம் வந்ததும் எல்லாரும் மறுபடி வரிசையில்.
"லைட்டை அணை" என்று கத்தினார்கள்.
பதினொரு டாலருக்கு வாங்கிய சிவப்பு பல்பு
அதற்குப் பிறகு எரியவே இல்லை.

மறுநாள் மாப்பை அவிழ்த்துத்
தரையைத் துடைத்தேன்.
மூலைக்கு மூலை நசுங்கிய கண்கள்.
காரை உள்ளே தள்ள ஆள் தேவைப்பட்டது;
கைகட்டிய பையன்கள் வந்தார்கள்,
ஒருவன் மட்டும்
அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு.