கிட்டிதா

குண்டடத்துக்குத் தெற்கே நாலு கல் தள்ளி
என் ஷெட்டு. ஐயாயிரம் கோழி.
குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது.
கரண்டு பில்லும் செத்ததைப் புதைப்பதும் என்னுடையது.

ஷெட்டுக்கு மேற்கே மூன்று ஏக்கர் கொறங்காடு,
கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல்,
பதினோரு வெள்வேல மரம்.
வைகாசியில் எருமை கட்டப் போனபோது
புல்லடியில் ஏழு முட்டை கண்டேன்.
டீ சிந்தித் துவைத்த வேட்டியின் நிறம்.
கவுதாரி.
யாரும் எடை போடாத கோழி.
எந்த வண்டியிலும் தலைகீழாகத் தொங்காத கோழி.

எருமையை வேறு பக்கம் கட்டினேன்.
"அதுக்குப் புல்லு நீங்க போய்ப் புடுங்கிட்டு வாங்க"
என்றாள் கோகிலாமணி.

ஐந்தாம் நாள் வெறும் ஓடு.
பக்கத்துக் கல்லில் மஞ்சள் காய்ந்திருந்தது.
கீரி அப்படித்தான்,
முட்டையைக் காலிடுக்கு வழியே பின்னால் வீசும்,
கல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தாராபுரத்து லேத்தில் கூண்டு அடித்தேன்.
"புலிக்குங்களா?" என்றார் சாகுல் பாய்.
இரைக்குப் பஞ்சமில்லை, ஷெட்டில் தினம் நாலைந்து சாகும்.
முதல் ராத்திரி மாரப்பன் வீட்டுப் பூனை.
இரண்டாம் ராத்திரி முள்ளெலி,
பந்தாகச் சுருண்டு
நான் இங்கே இல்லை என்றது.
மூன்றாம் ராத்திரி கீரி.
கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம்,
கண் மட்டும் என்னைக் கணக்கெடுத்தது.

வால் நுனியில் மகளின் நகப்பூச்சைத் தடவினேன், ரோஸ் நிறம்.
மொபெட்டில் கட்டி
உப்பாறு அணைப் பக்கம் கொண்டுபோய் விட்டேன்.
இன்னொன்று. பிறகு இன்னொன்று.
நாலாவது கீரியை விளக்கில் பார்த்தபோது
வாலில் ரோஸ் நிறம்.
டிக்கெட் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

இதற்குள் யாரோ சொல்லி வனக்காவலர் வந்தார்.
"கீரியைத் தொட்டா கேசுங்க.
கூண்டை எடுத்துருங்க, நான் பாக்கலை."
வேலிக்கு அந்தப் பக்கம் அது கூப்பிட்டது,
கிட்டிதா... கிட்டிதா...
கிடைத்ததா என்று என்னைத்தான் கேட்டது போல.

அன்று வெயிலுக்கு எண்பத்து மூன்று கோழி விழுந்தது.
சாக்கில் அள்ளி ராத்திரி குழிக்குப் போனேன்.
மூடாத குழி. நாலு வருசமாக மூடாத குழி.
டார்ச் அடித்தேன்.
எட்டுக் கண்.
ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்?
சோறு போடுகிறவன் வருகிறான்.
ஒன்று முன்னங்காலைத் தூக்கி நின்றது,
பந்தியில் இலை போட நேரமானால்
சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே, அப்படி.

சாக்கோடு நெடுநேரம் நின்றேன்.

சிமெண்ட் உறை ஆறு, மூடி ஒன்று,
சுண்ணாம்பு, ஆள்கூலி: பதினோராயிரத்துச் சொச்சம்.
"கம்பெனி தராதுங்கண்ணா" என்றான் சூப்பர்வைசர் ரஞ்சித்.
கேட்கவில்லையே நான்.

குழியை மூடியதும் நல்லது நடந்ததா என்றால், இல்லை.
பசித்த கீரி புல்லைச் சல்லடையாக அரித்தது,
வேலியோரத்தில் புதிதாய் வைத்திருந்த
ஆறு முட்டையும் அந்த வாரமே போனது.
கோகிலாமணியின் நாட்டுக்கோழி ஒன்றும் போனது,
அதற்கு நான் வாங்கிய பேச்சு தனி.

ஆடிக் காற்றில்
குழிப் பக்கம் தடம் குறைந்தது.
கூண்டில் இப்போது சின்ன வெங்காயம் காய்கிறது.

நேற்று காலை, இட்டேரியைக் கடந்து
ஒரு தாய், பின்னால் நாலு குஞ்சு,
உருண்டு போகும் புளியங்கொட்டை மாதிரி.
இன்று காலை மூன்று.

ரஞ்சித் நோட்டோடு வந்து நின்றான்.
"சாவு எத்தனைங்கண்ணா?"
"ஒண்ணு."
எழுதிக்கொண்டான்.
ஷெட்டில் அன்று ஏழு.