இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு

போயா நாட்களில் பூட்டிக் கிடக்கும்
போன் திருத்தும் கடைக்கு மேலே,
கொக்குவில் சந்திக்குக் கொஞ்சம் உள்ளே,
ஆறு கதிரை, ஒரு சோடி ஸ்பீக்கர்,
பிளாஸ்க்கில் பிளேன்ரீ.
ஆளுக்கொரு பாட்டு.
பாட்டு முடியும்வரை கதைக்கக் கூடாது.
கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறதும் கதைதான் என்று
போன மாதம் யசோதரா தீர்ப்புச் சொன்னாள்.

என் முறை வருகிறபோது
நான் பாட்டைக் கேட்பதில்லை.
முகங்களைக் கேட்கிறேன்.
சரணத்தில் வயலின் இறங்குகிற இடத்தில்
யாருடைய விரல் தொடையில் நின்றுபோகிறது,
யார் யன்னலுக்கு வெளியே
வாழைக்குலை பார்க்கத் தொடங்குகிறார்.
ஆஸ்பத்திரி மருந்து யன்னலில்
நாளுக்கு இருநூறு முகம் பார்க்கிறவள் நான்.
அன்றைக்குக் கை வியர்த்தது.
பதினாறு வருடம் தனியே வைத்திருந்ததை
மேசையில் வைத்துவிட்டு
விலை சொல்லக் காத்திருப்பதுபோல.

முடிந்தது. எல்லாரும் ஓம், நல்லம் என்றார்கள்.
அன்ரன் ரூபராஜ் மட்டும்
ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:
“கிற்றாரில ஒரு தந்தி
கொஞ்சம் இறங்கி நிக்குது, கவனிச்சனீங்களோ?”

கவனிச்சதில்லை.
இனிக் கவனிக்காமல் இருக்கவும் ஏலாது.
வீட்டுக்குப் போய் ஏழு தரம் போட்டேன்.
ஏழு தரமும் அந்தத் தந்தி
துளை மாறிப் பூட்டின பொத்தானாய்த் துருத்தியது.
எட்டாம் தரம்
அது வரட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த போயா அவருடையது.
வலைக்கடைக் கணக்குப் பைக்குள்ளிருந்து
ஒரு கசற் வந்தது.
உறையில் பேரில்லை, படமில்லை,
நீலப் பேனையால் யாரோ போட்ட எண்கள்.
“ரெண்டாம் பக்கம், நாலாவது.”

எல்லாருக்கும் தெரிந்த பாட்டுத்தான்,
கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டுச்
செவி தேய்ந்த பாட்டு.
ஆனால் இரண்டாம் சரணத்தில்
பாடுகிறவளுக்கு என்னவோ நடந்தது.
குரல் தடித்தது. தாளம் இழுபட்டது.
சரி, இதிலேயே படுத்துவிடும் என்று நினைக்க,
மெல்ல மெல்ல எழும்பி,
தன் சுருதியையும் தாண்டி ஒரு துள்ளுத் துள்ளி,
பிறகு ஒன்றும் நடவாததுபோல வந்து அமர்ந்தது.
நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில்
சட்டத்தை மீறினோம்.

“தொண்ணூத்தி மூண்டில கொப்பி பண்ணினது.
கரண்ட் எங்க?
பாடின பெட்டிக்குச் சைக்கிள் டைனமோ,
பதிஞ்ச பெட்டிக்கு மிஞ்சிக் கிடந்த நாலு பற்றறி.
அந்த இடத்தில மிதிச்சவருக்குக் கால் உளைஞ்சிருக்கு.”

“ஆர் மிதிச்சது?”

“தெரியாது. கைமாறிக் கைமாறி வந்தது.
துள்ளுற இடம் இருக்கெல்லோ,
அதில ஆள் மாறியிருக்கு எண்டு நினைக்கிறன்.”

கம்பஸ் பெடியன் நிவேதன்
அன்றிரவே அதைக் கணினியில் ஏற்றித்
தொய்வை நிமிர்த்தி, இரைச்சலைக் கழுவி,
பதினொன்றரைக்கு எல்லாருக்கும் அனுப்பினான்.
அடிமட்டம் வைத்த கோடாய் ஓடியது பாட்டு.
விடியும்வரை ஒருவரும் பதில் போடவில்லை.
காலையில் அன்ரன் எழுதினார்:
“நல்ல வேலை, தம்பி.
மிதிச்ச ரெண்டு பேரையும் காணேல்ல.”

இப்போது வைகாசி, சோளகம் தொடங்கிவிட்டது.
வேலை முடிந்து கொழும்புத்துறைக்கு
மிதித்துக்கொண்டு போகிறேன்.
காற்று தள்ளுகிற இடங்களில்
வாய்க்குள் ஓடுகிற பாட்டு இழுபடுகிறது.
நிமிர்த்தவில்லை.

வருகிற போயா யசோதராவின் முறை.
அவள் கொண்டு வருவது எனக்குப் பிடிக்காது,
இப்பவே தெரியும்.
ஆறு நிமிடம் பன்னிரண்டு செக்கன் என்று
பயமுறுத்தியும் இருக்கிறாள்.
பிளேன்ரீக்கு இஞ்சி
இந்த முறை நான் வாங்க வேணும்.