ஒரு மில்லிமீட்டர்

பகலில் நான் பல் செய்கிறவள்.
வெள்ளவத்தையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில்
முகம் பார்த்திராத ஆட்களின் தாடைகள்
வெள்ளைச் சாந்தில் வந்து சேரும்.
அடியில் பென்சிலால் ஒரு பெயர், ஒரு திகதி,
அவசரம் என்று ஒரு சொல்.
எல்லாரும் அவசரம்தான்.

இரவில், அதே மேசை, அதே வளைகழுத்து விளக்கு.
காருக்குச் சாமான் செய்கிறேன்.

வாங்கலாம். ஜப்பானிலிருந்து வருவிக்கலாம்.
விலை கேட்டதற்கு
பஞ்சிகாவத்தை ரஸ்மி நானா
வாயால் சொல்லவில்லை.
கல்குலேட்டரை மெல்ல என் பக்கம் திருப்பினார்,
செத்தவீட்டில் கைபிடிக்கிற மரியாதையோடு.

ஆகவே
காஸ் குழாயின் பித்தளை நிப்பிள்.
சைக்கிள் பெடலுக்குள் இருந்த ஒரு குண்டு.
குண்டு உட்காரச் சரிவு கடைந்து தந்த சிறில் பாஸ்
இது எந்த வருத்தக்காரனின் வாய்க்கு என்று கேட்டார்.
ஸ்பிரிங்தான் சரிவரவில்லை.
பேனாவுடையது மெலிது, பாஸ் தந்தது முரடு.
கடைசியில் அடுப்பு மூட்டும் லைட்டரைக் கழற்றினேன்.
அடுத்தநாள் வீட்டில் தேநீர் பிந்தியது.

டர்போவோடு ஒட்டி ஒரு சின்னத் தகரக் குடுவை.
ஏழு றாத்தல் காற்று வந்தால் கதவைத் திறந்துவிடும்,
மிச்சமெல்லாம் புகைக்குழாய்க்குள் போய்விடும்.
(பாணை நிறுக்கிற அதே சொல்தான்.
இந்த ஊரில் காற்றையும் றாத்தலில்தான் கேட்போம்.)
நான் செய்தது, செய்தி போகிற வழியில்
ஒரு குண்டைக் காவல் வைத்தது.
பன்னிரண்டு வரும்வரை
உனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கண்ணா.

பல்செட் ஊறப்போடும் கிண்ணத்தில் அமிழ்த்தி ஊதிப் பார்த்தேன்.
பொருத்துகளில் ஒரு குமிழி இல்லை.
எவ்வளவு பெருமை எனக்கு.

விடிய நாலேமுக்கால், மரைன் டிரைவ்.
கறுத்த ஸ்டார்லெட், என்னைவிட இரண்டு வயது இளமை.
இரண்டாம் கியரில் ஊசி ஏழைக் கடந்தது
ஒன்பது
பதினொன்று
சீற் என் முதுகைப் பிடித்து இழுத்தது,
கடல் ஒரு பக்கமாய்ச் சரிந்தது,
வாய்விட்டு ஏதோ கத்தினேன், என்ன என்று நினைவில்லை.
மூன்றாம் கியர் போட்டு மிதித்தேன்.

ஒன்றுமில்லை.
ஊசி மூன்றில் கிடந்து கொட்டாவி விட்டது.
களுத்துறைப் பக்கமிருந்து வந்த கோச்சி
படியில் தொங்கியவர்களோடு என்னை முந்திப் போனது.
ஒருவன் சாப்பாட்டுப் பார்சலை உயர்த்திக் காட்டினான்.

பம்பலப்பிட்டியில் பொனற்றைத் திறந்துவைத்து
உப்புக்காற்றில் நின்றபோதுதான் விளங்கியது.
போன காற்று திரும்பிவர வழியில்லை.
குண்டுக்கும் குடுவைக்கும் நடுவில் அகப்பட்டு
திறந்த கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்கிறது.
கசியவே கசியாத என் வேலை.

அன்று பின்னேரம்
திருமதி குலவீரசிங்கத்தின் கீழ்க்கடைவாய்க்கு எடுத்த பர் ஊசியை
அவரிடம் கேளாமல் பித்தளைக்குத் திருப்பினேன்.
ஒரு மில்லிமீட்டர். மூச்சை அடக்கி.
தலைமயிர் நுழைந்தால் இன்னொன்றுக்கு இடம் தேடவேண்டிய துளை.

டொக்டர் மறுநாள் தொலைபேசினார்:
என்ன பிள்ளை, அச்சில் பொன்தூள் மினுங்குது?
துடைத்துவிட மறந்துபோச்சு என்றேன்.

பிறகு நடந்தது சுருக்கம்.
பன்னிரண்டு. காலெடுத்தேன். பூச்சியம்.
மிதித்தேன். பன்னிரண்டு.
கொள்ளுப்பிட்டி வரை கோச்சியும் நானும் சரிக்குச் சரி,
பிறகு எனக்குச் சிவப்பு விழுந்தது.
பார்சல்காரன் இன்று வேறு பெட்டி போலும்.

திருமதி குலவீரசிங்கத்தின் பல் ஒருநாள் பிந்தியது.
அவருக்கும்
அவசரம் என்றுதான் எழுதியிருந்தது.