போக வரப் பதினாலு

நெகட்டிவ்வை முதலில் கழற்று என்றது கையேடு.
கழற்ற வேண்டிய பத்தாம் நம்பர் ஸ்பேனர்
வழக்கம்போல இடத்தில் இல்லை.
ஆர்லோவின் மழைக்கோட்டுப் பையில் கிடைத்தது,
ஈரத்தில் எழுத்தழிந்த ஒரு டீசல் ரசீதோடு.

சஸ்காச்சுவனில் ஏப்ரல் என்றால்
பகலில் சேறு, ராத்திரி பனிக்கட்டி.
பிக்கப்புக்கு அடியில்
ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்துப் படுத்தேன்.
போன நவம்பரில் அவன் போட்ட கம்பி
இன்னும் அங்கேதான் தொங்கியது,
உறை உருகி, செம்பு பல்லிளித்துக்கொண்டு.

பழைய டிராக்டரை டிரெய்லரில் இழுத்து ஏற்றப் போனோம் அன்று.
வின்ச் மூன்று முறை முனகியது.
நாலாம் முறை புகைந்தது.
கருகிய நாற்றத்தில் இரண்டு பேரும் நின்றோம்,
பேசாமல்.
பாதிச் சரிவில் டிராக்டர்,
ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

மோட்டாரில் பழுதில்லை.
பாட்டரி புதுசு.
நடுவில் இருந்த வழிதான் ஒல்லி.

குளிர்காலம் முழுக்க அட்டவணை படித்தேன்.
இத்தனை ஆம்பியருக்கு, இத்தனை மீட்டருக்கு, இத்தனை தடிமன்.
பாட்டரியிலிருந்து பின் பம்பர்வரை ஏழு மீட்டர்.
ஏழு என்றுதான் அவனும் கணக்குப் போட்டிருக்கிறான்,
டூல்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கம், பென்சிலில்,
அடியில் இரண்டு கோடு இழுத்து.
அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது:
திரும்பும் தூரத்தையும் சேர்க்க.

போனது திரும்பி வந்தால்தான் மின்சாரம்.
போக வரப் பதினாலு.

வடக்கே எண்ணெய் மணலுக்கு வேலைக்குப் போனபோது
இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்றான்.
பிறகு மூன்று வாரம் ஆனது.
பிறகு ரோடு சரியில்லை.
குறையாக இதைச் சொல்லவில்லை,
கையில் அளவுநாடாவோடு சொல்கிறேன்.

பாகங்கள் விற்கும் டூயக் கேட்டார்:
“சேசிஸே இரும்புதானே அம்மா,
திரும்பி வர அது போதாதா?”
பதினோரு குளிர்காலம் ரோட்டு உப்பைத் தின்ற இரும்பு அது.
நட்டைத் தொட்டால் மிளகாய்ப்பொடி மாதிரி உதிர்கிறது.
வேண்டாம், சிவப்பும் கறுப்பும் சேர்த்தே அளந்து கொடுங்கள்,
கட்டைவிரல் தடிமனில்.
விலையைக் கேட்டு ஒரு நிமிஷம்
கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு தடித்த கம்பி சொன்னபடி வளையாது.
முழங்காலால் அமுக்கி வளைத்தேன்.
சைலன்ஸருக்கு ஒரு முழம் தள்ளி,
பிரேக் குழாயைத் தொடாமல்,
தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போட்டு,
ஒரு ஜாணுக்கு ஒரு கட்டு.
முகத்தில் பனிநீரும் கிரீஸும் சொட்டின.
ஒரு தடவை கெட்ட வார்த்தை சொன்னேன்.
இரண்டு தடவை.

ஃபியூஸ் பாட்டரியை ஒட்டியே.
வின்ச்சைக் காப்பாற்றத்தான் அது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இல்லை, கம்பியைக் காப்பாற்ற.
வழியில் எங்கேயாவது உரசித் தோல் கிழிந்தால்
வண்டி பற்றி எரியாமல்
ஒன்று முதலில் செத்தாக வேண்டும்.

சாயங்காலம் சாம்பல் நிற பிளக்கைச் சொருகினேன்.
கொக்கியை அதே டிராக்டரில் மாட்டி
பொத்தானை அமுக்கினேன்.
ஹெட்லைட் ஒரு கணம் கண்ணைச் சுருக்கித்
திறந்துகொண்டது.
டிராக்டர் ஏறியது,
பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி, மெதுவாக,
மேலே போகும்வரை நிற்காமல்.

ராத்திரி முகாமிலிருந்து கூப்பிட்டான்.
“எவ்வளவு காட்டுது?”
“முழு இழுப்பில், வின்ச் முனையில், பதினொன்று புள்ளி இரண்டு.”
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.
“அப்ப என் கணக்கு தப்பா?”
“பாதி சரி” என்றேன்.

பிளக்குக்கு மூடி வாங்க மறந்துவிட்டேன்.
இப்போதைக்கு ஒரு ரொட்டிப் பையை மாட்டி
ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்.