ஏழு மணிப் பூ

வேலியில் ஏறியிருக்கும் மல்லி
இரவு பத்துக்கு மேல்தான் வாய் திறக்கும்.
அந்நேரம் நான் டண்டினோங்கில்
பார்சல்கள் ஓடும் பட்டையின் முன்
கையுறையோடு நிற்கிறேன்.
அட்டைப்பெட்டி மணம், பசைநாடா மணம்,
எதிரே நிற்பவன் தின்ற டூனா மணம்.

"நேற்று என்ன வாசம் தெரியுமே" என்பான் சுகிர்தன்,
காலை ஏழே காலுக்கு,
சப்பாத்து நாடாவை முடிந்துகொண்டே.
நட்டது நான்.
மண் கலந்தது, கம்பி கட்டியது, நத்தை பொறுக்கியது நான்.
அனுபவிப்பது
குறட்டை விடும் ஒரு மூக்கு.

ஆறு நாள் பொறுத்தேன்.
சனிக்கிழமை தூங்காமல்
ஸ்பிரிங்வேலுக்கு அப்பால் ஒரு நர்சரிக்குப் போய்க் கேட்டேன்:
காலை ஏழு மணிக்கு மணக்கிற பூ இருக்கிறதா?

தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தபடி
லியென் என்னைப் பார்த்தாள்.
வெயில் வேணுமா என்று கேட்பார்கள்,
நாய் தின்றால் சாகுமா என்று கேட்பார்கள்,
மணி கேட்டவள் நீ ஒருத்திதான் என்றாள்.

கார்டீனியாவைக் காட்டினாள்.
இலையில் நகைக்கடை மினுக்கம்.
பொழுது சாய்ந்தால்தான் உச்சம் என்றதும்
கீழே வைத்தேன்.
இரவுராணி, பெயரிலேயே தெரிந்துவிட்டது.
டாஃப்னி குளிரில் பூத்து ஓய்ந்திருந்தது;
அடுத்த ஜூலை வரை வெறும் இலையோடு
குடித்தனம் நடத்த வேண்டும்.
ஒரு ரோஜா, என் முகமளவு, அப்படியொரு சிவப்பு.
மூக்கை உள்ளே விட்டாலும் ஒன்றுமில்லை.
பூக்கடைக்காரருக்காக வளர்த்த இனமாம்,
நீளக் காம்புக்காக மணத்தை விற்றுவிட்டது.
லாவெண்டர் நல்லதுதான்.
ஆனால் எங்கள் வேலையிடத்துக் கழிவறையில்
அது ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது.

பின்வரிசையில்
யாரும் குனியாத ஒரு தொட்டி.
போரோனியா.
வெளியே மண்ணிறம், உள்ளே மஞ்சள்,
சட்டையை உட்புறம் வெளியாக மாட்டிக்கொண்ட
சுண்டுவிரல் நுனி மணிகள்.
குனிந்தேன்.
எலுமிச்சைத் தோல். அதற்கு அடியில்
புதிதாகத் திறந்த தேயிலை டப்பா.
அதற்கும் அடியில் ஏதோ,
பெயர் வைக்கும் முன்பே காணாமல் போனது.

பூ எங்கும் போகவில்லை, உன் மூக்குத்தான் களைத்துவிட்டது,
முப்பது வரை எண்ணு என்றாள்.
இருபத்தாறில் திரும்பி வந்தது.

இது சீக்கிரம் செத்துப்போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.
வேரைத் தொட்டால் கோபம்.
நீர் தேங்கினால் கோபம்.
காயவிட்டாலோ மன்னிப்பே கிடையாது.
மூன்று வருஷம் தாண்டினால் வந்து சொல், பார்க்க வருகிறேன்.
பதினெட்டு டொலர்.

வாசற்கதவின் வலப்புறம் வைத்தேன்,
காலை வெயில் மட்டும் எட்டிப்பார்க்கிற மூலையில்.
செவ்வாய் காலை காரை விட்டு இறங்கினேன்.
ஏழு மணி ஆறு நிமிஷம்.
இருந்தது.
உடம்பில் ஒட்டிய இரவு முழுவதையும்
தோளில் தட்டி இறக்கினதுபோல இருந்தது.

சுகிர்தனை ஒரு சப்பாத்தோடு இழுத்து வந்து குனியவைத்தேன்.
முகர்ந்தான்.
"எது?"
இன்னும் கிட்ட.
"தண்ணி ஊத்தின மண் மணக்குது."
விளையாடுகிறான் என்று நினைத்தேன்.
லியெனைக் கூப்பிட்டுக் கேட்டால் சிரிக்கிறாள்,
சில மூக்குகளில் இந்தப் பூவுக்குக் கதவே இல்லையாம்.
பொய் சொல்வானேன்,
அன்று நன்றாகத் தூங்கினேன்.

பிறகு அந்த ஃபுட்பால் இறுதிப்போட்டி விடுமுறை.
வியாழன் இரவு வேலை இல்லை.
தலை குளித்து, யன்னலை முழுக்கத் திறந்து,
மல்லிக்காகக் காத்துக்கிடந்தேன்.
பதினொரு மணிக்கு வந்தது.
வந்தது என்றால்,
கலியாண மண்டபத்தில் எல்லாரும்
ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி.
போர்வைக்குள் வந்தது, தலையணைக்குள் வந்தது,
தொண்டையில் இனித்தது.
பன்னிரண்டரைக்கு நெற்றி விண்விண்ணென்றது.
எழுந்து யன்னலைச் சாத்தினேன்.

"சாத்தாதையும்" என்றான், கண் திறக்காமலே.

அவன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும்
ஒரு கை அகலம் திறந்துவிட்டேன்.
போரோனியாவுக்கு இன்று தண்ணீர் ஊற்றினேனா
என்று யோசித்தபடி கிடந்தேன்,
ஏழு மணிக்கு இன்னும்
எவ்வளவோ நேரம் இருந்தது.