நாங்கள், நாம்

ஏழு பன்னிரண்டு
ஏழு முப்பத்தொன்றுக்கு வருகிறது.
சிக்னல் கோளாறுக்கு
ஒலிபெருக்கி மும்மொழியிலும் வருந்துகிறது.
தமிழ் வருந்தி முடிக்குமுன்
கோச்சி வந்துவிட்டது.

தெஹிவளையில் வாசல் இல்லை.
வாசலிருந்த இடத்தில் முதுகுகள்.
ஒரு முதுகு மூச்சை உள்ளிழுத்தால்
ஒரு கால் வைக்கலாம்.
மற்றக் காலுக்கு வெள்ளவத்தை மட்டும்
கடற்காற்றுத்தான் படி.

உள்ளே யாருடையதோ முழங்கை,
யாருடையதோ ஈரத் தலைமுடி,
நசுங்கிய சோற்றுப் பார்சலின் பருப்பு வாசம்.
இருக்கையிலிருந்து ஒரு கை நீள்கிறது:
"பேக் எக்க தென்ன, நங்கி."
தாதி மிஹிரானியின் மடியில் ஏற்கெனவே நாலு பை.
ஐந்தாவது என்னுடையது.
அடுக்கின் மேல் தாடையை வைத்துக்கொண்டு
தூங்கிப்போகிறாள்.
ஒன்றுகூட விழுவதில்லை.

கோட்டையில் இறங்கி நாலாம் மாடிக்குப் போனால்
இதே கோச்சி என் மேசையில்
கோப்பாகக் கிடக்கிறது.
'பயணி ஒருவருக்கு நட்டம்.'
அந்த நிரலைக் கூட்டுகிறவள் நான்.
என் சீசன் ரிக்கட்டும்
அந்தக் கிடங்கில் ஒரு கரண்டி மண்.

கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள்.
விற்பது அல்லவாம், கைமாற்றுவதாம்.
இலாபமில்லாத தரிப்பிடங்களின் பட்டியலில்
லுனாவைக்கும் அங்குலானைக்கும்
சிவப்பில் வட்டம் போட்டார்கள்.
எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
கூட்டுத்தொகையை இரண்டு தரம் சரிபார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது. அதுதான் அந்தரம்.
எட்டு மணிக்கு மிஹிரானி வார்ட்டில் நிற்பதால்
யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுத
அந்தக் கோப்பில் நிரலே இல்லை.

பிறகொரு புதன்கிழமை
கோச்சி நீண்டு வந்தது.
வாலில் இரண்டு பெட்டிகள் கூட,
பெயின்ற் வாசம் போகாமல்.
ஏறினேன். இரண்டு கால்களாலும் ஏறினேன்.
ஆளுக்கு ஆள் நடுவே ஒரு சாண் இடைவெளி.
கைகளை என்ன செய்வதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசலருகில் நகக்கண்ணில் கிறீஸ் காயாத ஒருவர்
சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்,
வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோல.
இரத்மலானை வேர்க்‌ஷொப்.
மூன்று வருடம் புல்லுக்குள் கிடந்த பெட்டியாம்.
உள்ளே உடும்பு குட்டி போட்டிருந்ததாம்.
எந்தக் கம்பனி திருத்தியது என்று
கழுத்துப்பட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.
"அப்பி தமாய்" என்றார், தட்டுவதை நிறுத்தாமல்.

சிங்களத்தில் அப்பி ஒன்றுதான்.
எனக்கு இரண்டு.
கேட்டு நிற்பவரை வெளியே விடுகிற நாங்கள்,
உள்ளே எடுக்கிற நாம்.
எதைச் சொன்னார் இந்த மனிதர்?
வேர்க்‌ஷொப்காரர் நாங்களா,
சீசன் ரிக்கட்டும் நட்டக் கணக்குமாக நிற்கிற
என்னையும் சேர்த்தா?
இந்த ஊரில் அந்தச் சொல்லை
அவசரப்பட்டு மொழிபெயர்த்து
நான் சூடுபட்டிருக்கிறேன்.
கொள்ளுப்பிட்டி மட்டும் யோசித்தேன்.
கொம்பனித்தெருவில் மழை பிடித்தது.
புதுக்கூரையில் ஒரு மூலை ஒழுகியது.
அவர் அண்ணாந்து பார்த்து,
கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்.
எஞ்சின் இழுக்காதாம். அதற்கும் பணம் வேண்டும்.
கோப்பு இன்னும் என் மேசையில்.
குறிப்பு எழுதும் இடத்தில் பென்சிலால் எழுதினேன்:
எஞ்சின் வாங்குக. லுனாவையை விடுக.
மேலதிகாரி மையால் எழுதச் சொல்வாரோ,
அழிக்கச் சொல்வாரோ, தெரியாது.

மாலை ஐந்து இருபது.
அன்றைக்கு எனக்கு இருக்கை கிடைத்தது.
முகத்துக்கு முன்னால் ஒரு பொடியனின் பை
ஆடிக்கொண்டு நின்றது.
கையை நீட்டினேன். தந்தான்.
அவன் எந்த மொழி என்று கேட்கவில்லை.
உள்ளே ஏதோ கண்ணாடிச் சாமான்,
தண்டவாளம் இடறும்போதெல்லாம்
மெல்லக் கிணுங்கியது.
தெஹிவளையில் இறங்க மறந்து
கல்கிசை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன்.